பால் சொட்டும் வேகம்: இணையப் பக்கத்தில் படம் எப்படி அசைகிறது?

பக்கத்து வீட்டுப் பிள்ளை படிவம் இரண்டில் படிக்கிறாள். பள்ளி அறிவியல் விழாவுக்கு ரப்பர் மரத்தைப் பற்றி ஓர் இணையப் பக்கம் செய்ய வேண்டும் என்று என்னிடம் வந்தாள். எழுத்தும் படமும் மட்டும் போதாதாம். திரையில் நிற்கும் மரத்தில் விரலை வைத்துக் கோடு இழுத்தால் பால் வடிய வேண்டும், பால் சேரும் கிண்ணமான மங்கு நிறைய வேண்டும். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த பிள்ளைதான், ஆனால் அவள் பார்த்து வளர்ந்ததெல்லாம் செம்பனை. பால்மரம் அவளுக்குப் பாட்டி சொல்லும் கதை. பக்கத்துக் கோலக் கங்சாரில் 1877-இல் நட்ட மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறதே, அதைத்தான் முதல் படமாக வைத்தாள்.

இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்தோம். அதைப் பாட்டியிடம் காட்டினாள். முப்பது ஆண்டுக்கு மேல் பாலெடுக்க மரம் வெட்டிய கை அவருடையது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கைப்பேசியைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"கோடே தப்பா இருக்கு தம்பி. மேல எடது பக்கம் ஆரம்பிச்சு வலது பக்கமா எறங்கணும். நீங்க திருப்பிப் போட்டிருக்கீங்க."

அவர் சொன்னது சரி. பட்டைக்குள் ஓடும் பால்குழாய்கள் நேர் செங்குத்தாக இருப்பதில்லை. வலப்பக்கமாகச் சற்றே சாய்ந்து மேலேறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டுதான் அதிகக் குழாய்களைத் திறக்கும். படத்தைத் திருப்பிப் போட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவருடைய அடுத்த திருத்தம்தான் என்னை இதை எழுத வைத்தது.

"பால் இப்படியா ஓடும்? வெட்டுன ஒடனே கோடு நெறைய வரும், விறுவிறுன்னு எறங்கும். நேரம் ஆக ஆகத் தயங்கும். கடைசியில ஒவ்வொரு சொட்டா யோசிச்சு யோசிச்சு விழும். இது என்னா, பைப்புத் தண்ணி மாதிரி ஒரே சீரா போவுது?"

எங்கள் பக்கத்தில் பால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே வேகத்தில் ஓடியது. அசைவூட்டம் கற்கும் எல்லாரும் முதலில் செய்கிற பிழை அது. கணினியைத் தொட்டே இராத ஒருவர் அதை ஒரே பார்வையில் பிடித்துவிட்டார். தொட்டால் பதில் தரும் இணைய அசைவூட்டம் எப்படி இயங்குகிறது, அதற்கென்று மாதாமாதம் வரும் புதுக் கருவிகளை எப்படிப் பார்ப்பது என்பதை அந்தப் பால்மரத்தை வைத்தே சொல்கிறேன்.

நொடிக்கு 60 கேள்வி

வீடியோ என்பது முன்பே எடுத்து முடித்தது. அதில் வரும் மரத்தை எத்தனை முறை தட்டினாலும் அதற்குத் தெரியாது. இணைய அசைவூட்டத்தில் அடுத்த படம் இன்னும் வரையப்படவே இல்லை. உலாவி ஒவ்வொரு கணமும் "இப்போது பால் எங்கே இருக்கிறது? விரல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டு, வரும் விடையை வைத்து அப்போதே வரைகிறது. விரல் பட்ட இடத்தில் கோடு விழுவது அதனால்தான்.

திரைப்படத்துக்கு நொடிக்கு 24 படம் என்பது பழைய வழக்கம். கைப்பேசித் திரைகளும் கணினித் திரைகளும் பெரும்பாலும் நொடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொள்கின்றன. 1000 மில்லிநொடியை 60-ஆல் வகுத்தால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. அதற்குள் கணக்குப் போட்டு, வரைந்து, திரைக்கு அனுப்பிவிட வேண்டும். தவறினால் அந்தப் படம் விடுபட்டுப்போகும், கண்ணுக்கு ஒரு திக்கல் தெரியும். உலாவிக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் இதற்கென்றே 'ரெக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம்' என்ற ஏற்பாடு இருக்கிறது. திரையை அடுத்து வரைவதற்கு முன் என்னை ஒரு முறை கூப்பிடு என்று உலாவியிடம் சொல்லிவைப்பதுதான் அது.

இங்கே ஒரு குழியில் நாங்களும் விழுந்தோம். ஒவ்வொரு படத்துக்கும் சொட்டு 5 புள்ளி கீழே இறங்கட்டும் என்று அவள் எழுதியிருந்தாள். என் கைப்பேசியில் சரியாக இருந்தது. ஈப்போவிலிருந்து வந்த அவள் அண்ணன் கைப்பேசியில் சொட்டு இரண்டு மடங்கு வேகத்தில் பாய்ந்தது. அது நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரை. 5 புள்ளி வீதம் 60 முறை என்றால் நொடிக்கு 300, 120 முறை என்றால் 600. படங்களை எண்ணி நகர்த்தினால் இப்படித்தான் ஆகும். கடந்த நேரத்தை எண்ணி நகர்த்த வேண்டும். போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் இடையே எத்தனை மில்லிநொடி போயிற்று என்று பார்த்து, அதை வேகத்தால் பெருக்கினால் எந்தத் திரையிலும் சொட்டு ஒரே நேரத்தில்தான் மங்கை அடையும். இந்த ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டவர் எந்தப் புதுக் கருவியின் உள்ளேயும் தைரியமாகப் போய்ப் பார்க்கலாம். எல்லாக் கருவிக்கும் அடியில் இந்தக் கடிகாரம்தான் ஓடுகிறது.

பாட்டி சொன்ன தயக்கம்

மங்கு வெறுமையாக இருப்பது 0, நிறைந்திருப்பது 1 என்று வைத்துக்கொள்வோம். நேரத்தையும் அப்படியே 0 முதல் 1 வரை எடுத்துக்கொள்வோம். சீரான வேகத்தில் பாதி நேரத்துக்குப் பாதி மங்கு. நாங்கள் முதலில் செய்தது இதுதான்.

பாட்டி சொல்வது வேறு. எடுத்த எடுப்பில் வேகம், போகப் போகத் தயக்கம். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. மீதமிருக்கும் நேரத்தை அதனாலேயே பெருக்கி, விடையை 1-இலிருந்து கழிக்க வேண்டும். கால்வாசி நேரத்தில் மீதம் 0.75. அதன் வர்க்கம் 0.5625. கழித்தால் 0.4375, அதாவது கிட்டத்தட்டப் பாதி மங்கு நிறைந்துவிட்டது. பாதி நேரத்தில் முக்கால் மங்கு. மிஞ்சிய கால் மங்குக்கு மிஞ்சிய பாதி நேரம் முழுவதும் வேண்டும். யோசித்து யோசித்து விழும் சொட்டு அங்கேதான் இருக்கிறது.

விழுகிற சொட்டுக்கோ நேர்மாறு. கோட்டின் நுனியில் கொஞ்சம் தொங்கி, பிறகு கீழே போகப் போக வேகம் கூடும். விழும் பொருள் கடக்கும் தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று பள்ளியில் படித்தோமே, அதே கணக்கு. பாதி நேரத்தில் கால் தூரம்தான் வந்திருக்கும். ஒரே மரத்தில், ஒரே பாலில், ஓட்டத்துக்கு ஒரு வேகம், சொட்டுக்கு ஒரு வேகம்! இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்த்தோம். சொட்டு, நூலில் கட்டி இறக்கியது போல மங்கில் வந்து அமர்ந்தது. பிள்ளை முகம் சுளித்துவிட்டாள்.

அசைவூட்டக்காரர்கள் இந்த வேக மாற்றத்தை 'ஈசிங்' என்கிறார்கள். தமிழில் வேகவளைவு என்று சொல்லலாம். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சி.எஸ்.எஸ்.-இல் இதை நான்கு எண்களால் எழுதும் முறைக்குக் 'கியூபிக் பெசியர்' என்று பெயர். ரெனோ கார் நிறுவனத்தில் கார் உடலின் வளைவுகளை வடிவமைக்க இந்தக் கோடுகளைப் பயன்படுத்திய பியேர் பெசியரின் பெயர் அது. கார் கதவின் வளைவுக்கு வந்த கணக்கு இப்போது பால் சொட்டுக்கும் ஆகிறது.

நடுவில் விரல் வைத்தால்?

அசைவதோடு தொடுதலுக்குப் பதிலும் சொல்ல வேண்டும் என்றதும் வேலை இரட்டிப்பாகிறது. மரம் எந்த நிலையில் இருக்கிறது என்று பக்கத்துக்கு எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் மரத்துக்கு ஐந்து நிலை: காத்திருப்பது, வெட்டுப்படுவது, பால் ஓடுவது, சொட்டுவது, நின்றுபோவது. ஒவ்வொரு நிலையிலும் விரல் பட்டால் என்ன நடக்கும் என்பதை ஒரு தாளில் எழுதினோம். பால் ஓடிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் இன்னொரு கோடு இழுப்பார்கள், நிச்சயம் இழுப்பார்கள். அப்போது என்ன செய்வது? "ஒரு தடவ வெட்டுன மரத்த அன்னைக்கே மறுபடி வெட்டுனா கங்காணி சும்மா விடுவாரா?" என்றார் பாட்டி. ஆக, பால் ஓடும்போது புதுக் கோடு விழாது. மரம் மட்டும் இலேசாக அசையும். தோட்டத்து ஒழுங்கு அப்படியே பக்கத்தின் விதியாகிவிட்டது.

தாளில் எழுதாமல் நேரே கணினியில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். அம்புக்குறி போட்ட ஒரு தாள் எந்த மென்பொருளையும்விட அதிகம் உதவும் என்பது என் அனுபவம்.

வேகம் பற்றிய தொழில்நுட்பச் செய்தி ஒன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளை அதன் இட எண்ணை மாற்றி நகர்த்தினால், உலாவி பக்கத்தின் அடுக்கையே மறுபடி கணக்கிட வேண்டிவரும். கல்யாணப் பந்தியில் நடுவில் ஒருவர் எழுந்தால் வரிசையே நகர்ந்து உட்காருவது போல. பொருளை நகர்த்தவும் திருப்பவும் உதவும் 'டிரான்ஸ்ஃபார்ம்', அதை மங்கலாக்கும் 'ஒபாசிட்டி' இரண்டையும் மாற்றினால் அந்தத் தொல்லை இல்லை. பொருள் தனிக் கண்ணாடித் தாளில் இருப்பது போல மேலே நகரும், பந்தி கலையாது. விலை மலிவான கைப்பேசியில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

கருவிகள் வரும், போகும்

நான் இதைத் தொடங்கியது ஃபிளாஷில். 1996-இல் ஃபியூச்சர்வேவ் என்ற சிறு நிறுவனம் வெளியிட்ட வரைகருவி அது. அந்த ஆண்டு முடியும்போதே மேக்ரோமீடியாவின் கைக்கு வந்து ஃபிளாஷ் என்று பெயர் பெற்றது. 2005-இல் மேக்ரோமீடியாவை அடோபி வாங்கியது. ஒரு காலத்தில் இணையத்தில் ஆடியதும் பாடியதும் பெரும்பாலும் ஃபிளாஷ்தான். 2007-இல் வந்த ஐபோன் அதை ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரலில் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்: மின்கலம் தீர்கிறது, பாதுகாப்பில்லை, விரல் தொடுதலுக்கென்று செய்யப்பட்டதல்ல, ஒரே நிறுவனத்தின் பிடியில் இருக்கிறது. 2017-இல் அடோபி முடிவு நாளை அறிவித்தது. 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் கோப்புகள் இயங்காமல் தடுக்கப்பட்டன.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக நான் ஃபிளாஷில் ஓர் எழுத்து விளையாட்டு செய்திருந்தேன். ல, ள, ழ மூன்றையும் உரிய சொல்லில் இழுத்துப் போட வேண்டும். முடித்த கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு, அதை உருவாக்கிய மூலக் கோப்பைப் பத்திரப்படுத்தாமல் விட்டுவிட்டேன். இன்று அதில் ஓர் எழுத்தைக்கூட என்னால் திருத்த முடியாது. 'ரஃபிள்' என்ற திறந்த மூல மென்பொருள் பழைய ஃபிளாஷ் கோப்புகளை உலாவியிலேயே ஓட்டிக் காட்டுகிறது. அதில் என் ழகரம் மறுபடி அசைந்ததைப் பார்த்தபோது உண்மையில் கண் கலங்கிவிட்டது.

ஃபிளாஷ் போனாலும் அது செய்த வேலையை ஒவ்வொன்றாக உலாவியே கற்றுக்கொண்டது. கோடுகளால் ஆன படத்துக்கு எஸ்.வி.ஜி. 2001-இலேயே தரமாகிவிட்டது. புள்ளி புள்ளியாக வரையும் கேன்வாஸை ஆப்பிள் 2004-இல் கொண்டுவந்தது. முப்பரிமாணத்துக்கு வெப்ஜிஎல் 2011-இல் வந்தது. சி.எஸ்.எஸ்.-இலேயே அசைவு எழுதலாம் என்றும் ஆகிவிட்டது. எங்கள் பால்மரம் எஸ்.வி.ஜி.யும் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்டும்தான். வேறு எதுவும் இல்லை.

இவற்றின்மேல் கட்டிய கருவிகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன். ஜிசாப் ஃபிளாஷ் காலத்தில் பிறந்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு மாறிப் பிழைத்துக்கொண்டது. 2024-இல் இணையத்தளம் கட்டும் கருவி தரும் வெப்ஃபுளோ நிறுவனம் அதை வாங்கியது. 2025-இல் அதுவரை காசு கொடுத்து வாங்கிய பகுதிகளும் இலவசமாயின. லோட்டியை ஏர்பிஎன்பி 2017-இல் வெளியிட்டது. அடோபியின் அசைவூட்ட மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்த அசைவைச் சிறு எழுத்துக் கோப்பாக மாற்றி இணையத்திலும் கைப்பேசிச் செயலியிலும் ஓட்ட உதவுவது. தாளை வெட்டி நிழலுருவங்களை அசைத்து 1926-இலேயே முழுநீளப் படம் எடுத்த ஜெர்மானியப் பெண் லோட்டே ரைனிகரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். வாயாங் கூலிட் நிழற்கூத்து பார்த்து வளர்ந்த நாட்டுக்காரனுக்கு அந்தப் பெயர் தனி மகிழ்ச்சி. மூன்றாவது ரைவ். நாங்கள் தாளில் எழுதிய ஐந்து நிலைகளையும் அம்புக்குறிகளையும் அதில் படத்தோடு சேர்த்தே வரையலாம். தொட்டால் பதில் சொல்லும் அசைவுக்கு அதன் போக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

புதியதை எப்படிப் பின்தொடர்வது

எல்லாவற்றையும் பின்தொடர முடியாது. முயலவும் வேண்டாம். புதுக் கருவி ஒன்று கண்ணில் பட்டால் நான் முதலில் பார்ப்பது, இது உலாவிக்குள்ளேயே இருப்பதா, அல்லது தன்னை ஓட்டும் நிரலைப் பக்கத்தோடு சுமந்து வருவதா என்று. சுமந்து வந்தால் எத்தனை கிலோபைட்? தோட்டத்துக்குள் இணைப்பு விட்டு விட்டு வரும் இடங்களில் இது சின்ன விஷயம் இல்லை. அடுத்தது, நான் செய்ததை அந்தக் கருவி இல்லாமலும் திறக்க முடியுமா என்பது. எஸ்.வி.ஜி. கோப்பை எந்த எழுத்துத் திருத்தியிலும் திறந்து படிக்கலாம். என் எழுத்து விளையாட்டைத் தொலைத்த பிறகு இந்தக் கேள்வியை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை.

உலாவிக்குள் வரும் புது வசதிகளுக்கு 'பேஸ்லைன்' என்ற அளவுகோல் 2023 முதல் இருக்கிறது. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி எல்லாவற்றிலும் வந்துவிட்டால் அது 'புதிதாகக் கிடைப்பது'. அதிலிருந்து 30 மாதம் கடந்தால் 'பரவலாகக் கிடைப்பது'. இணையப் பக்கம் செய்கிறவர்கள் பார்க்கும் கையேடான எம்.டி.என். பக்கங்களில் ஒவ்வொரு வசதிக்கும் இந்தக் குறி போட்டிருக்கும். பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் பழைய கைப்பேசியில் பார்ப்பார்கள் என்றால், இரண்டாவது குறி உள்ளவற்றை நம்பிக் கட்டுங்கள். பக்கத்துக்குள் ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் 'வியூ டிரான்ஸிஷன்', விரலால் உருட்ட உருட்ட அசையும் 'ஸ்க்ரோல்' வழி அசைவூட்டம் இரண்டும் 2023-இல் குரோமில் வந்தன. இவை போன்ற புதியவற்றைத் தொட வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வசதி இல்லாத உலாவியிலும் பக்கம் படிக்கும்படி இருக்கட்டும், அசைவு கூடுதல் அழகாக இருக்கட்டும்.

ஒரு கருவியைப் புரிந்துகொள்ள நல்ல வழி, அதில் ஒரு துண்டை நாமே செய்து பார்ப்பது. பாட்டிக்காக நாங்கள் ஒரு குட்டிக் கருவி செய்தோம். ஒரு மரம், அதன் கீழே மூன்று நழுவுபட்டைகள்: பால் ஓடும் நேரம், தயக்கத்தின் அளவு, சொட்டின் பருமன். அவ்வளவுதான். எங்களுக்குத் தெரிந்த கணக்கும் அவருக்குத் தெரிந்த மரமும் அந்த மூன்று பட்டைகளில் சந்தித்தன. அவர் கட்டைவிரலால் நடுப்பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் தள்ளினார். ஒவ்வொரு முறையும் மரத்தை வெட்டிப் பார்த்தார். "இன்னும் தயங்கணும்… இன்னும்… ஆங், இதான். காலையில குளிருக்கு இப்படித்தான் வரும்." சில மணி நேர ஓட்டத்தை 20 நொடிக்குச் சுருக்கியிருந்தோம். ஆனாலும் தயக்கம் சரியாக இருந்ததால் அவர் அதை ஏற்றுக்கொண்டார். நாங்கள் ஊகித்து வைத்த வர்க்கம் போதவில்லை. அவர் நிறுத்திய இடம், மீதத்தை மூன்று முறை எடுத்துப் பெருக்கும் மும்மடிக்கு அருகில் இருந்தது.

இன்னொன்றையும் கட்டாயம் செய்யுங்கள். சிலருக்குத் திரையில் அதிக அசைவு தலைச்சுற்றலையும் குமட்டலையும் கொடுக்கும். அவர்கள் கைப்பேசி அமைப்பில் அசைவைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். அந்த விருப்பத்தைப் பக்கம் அறிந்துகொள்ள சி.எஸ்.எஸ்.-இல் 'பிரிஃபர்ஸ் ரெட்யூஸ்டு மோஷன்' என்ற கேள்வி உண்டு. எங்கள் மரம் அப்படிப்பட்டவர்களுக்குச் சொட்டாமல், வெறும் மங்கு, பாதி மங்கு, நிறைந்த மங்கு என்று மூன்று நிலைப்படமாக நிற்கும். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்பதும் இணைய அணுகல் வழிகாட்டியில் இருக்கும் விதி. வலிப்பு வரும் ஆபத்து உள்ளவர்களுக்காக வைத்தது.

இப்போது பிள்ளைக்குப் புது ஆசை வந்திருக்கிறது. பக்கத்தில் மழைப் பொத்தான் ஒன்று வேண்டுமாம். மரம் காய்ந்திருக்கும்போது அழுத்தினால் சுலபம், அன்று வெட்டு இல்லை என்று சொல்லிவிடலாம். பால் ஓடிக்கொண்டிருக்கும்போதே மழையை அழுத்தினால்? பட்டை வழியாக நீர் இறங்கி, பால் கோட்டை விட்டு மரமெங்கும் பரவி, மங்கிலிருப்பதும் நீர்த்து வழியும். ஐந்து நிலை இருந்த தாளில் ஆறாவதை எழுதி, அதற்கு எந்த நிலையிலிருந்தெல்லாம் அம்புக்குறி வரும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். பாட்டி அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.